இஞ்சி லில்லியால் பூனைக்கு ஆபத்தா?

"வெள்ளை இஞ்சி லில்லி வளர்க்கிறீர்களா? அதுவும் லில்லிதான். பூனையின் சிறுநீரகம் போய்விடும், உடனே பிடுங்கி எறியுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாதி உண்மை, அதனால்தான் நம்பத் தோன்றுகிறது.

உண்மையான லில்லி வகைகள் பூனைக்குக் கடும் விஷம். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினால்கூடப் போதும், சிறுநீரகம் செயலிழந்துவிடும். அதில் மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் நம் இஞ்சி லில்லி பெயரளவில் மட்டும்தான் லில்லி. இதன் தாவரவியல் பெயர் ஹெடிகியம் கரோனேரியம். இஞ்சியும் மஞ்சளும் சேர்ந்த குடும்பம். மலையாளிகள் கல்யாண சௌகந்திகம் என்பார்கள். அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. விலங்கு நல அமைப்பு இதை நச்சற்ற செடிகளின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. பூனை இலையை நிறையக் கடித்தால் வாந்தி எடுக்கலாம்; அது புல்லைத் தின்றாலும் எடுக்கும்.

சந்தேகமா? மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். லில்லிக்கு அடியில் பூண்டு போலச் செதில் செதிலான குமிழ் இருக்கும். இதற்கு இஞ்சி மாதிரியே கணுக்கணுவான கிழங்கு. கீறினால் வாசனையும் வரும்.

சரி, பயப்பட வேண்டியது எதற்கு? வேலியில் படர்ந்திருக்கும் செங்காந்தளுக்கு. அதுவும் லில்லி இல்லை, ஆனால் அதன் கிழங்கில் உள்ள கால்சிசின் பூனையை மட்டுமல்ல, ஆளையே கொல்லும். அதைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு வரிகூட இல்லை.