தெருவில் நிற்கும் வேனுக்கு இரும்புப் பூட்டு வேண்டும்

தொழிலுக்கு ஓட்டும் வேன் திருடுபோய்விட்டது என்று ஒருவர் சொன்னால், முதலில் வந்து விழும் கேள்வி, "ஏம்ப்பா, வண்டியத் தெருவுலயா விட்ட?" என்பதுதான். இந்தக் கேள்வி எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஷெட் இருந்தால் யார் தெருவில் விடப்போகிறார்கள்? எலக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர் என்று வேனை வைத்துப் பிழைக்கும் என்னைப் போன்ற பலருக்குத் தெருதான் ஷெட். ராத்திரி வண்டி போனால் காலையில் வேலையும் போய்விடுகிறது. வண்டிக்கு இன்சூரன்ஸ் பணம் வந்தாலும், உள்ளே இருந்த டூல்ஸுக்கு வருமா என்பது தனிக் கேள்வி. பல பாலிசிகளில் அதற்குத் தனியாகச் சேர்த்துக் கட்ட வேண்டும். ராத்திரி வண்டியில் விட்ட பொருளுக்குப் பணம் கிடையாது என்று விதி போட்டிருப்பதும் உண்டு. உங்கள் பாலிசியில் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

கம்பெனி கொடுத்த சென்ட்ரல் லாக்கையும் இம்மொபிலைசரையும் மட்டும் நம்பி வேனைத் தெருவில் விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இம்மொபிலைசர் நல்ல விஷயம்தான். சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் கண்டால்தான் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். ஆனால் திருடர்களும் சும்மா இருக்கவில்லை. டாஷ்போர்டுக்கு அடியில், மெக்கானிக் கோளாறு பார்க்கக் கருவி செருகும் ஓபிடி சாக்கெட் இருக்கிறது. அதில் கருவியைச் செருகிப் புதுச் சாவியையே பதிவு செய்துவிடுகிறார்கள். சாவியைச் செருகாமல், அது பக்கத்தில் இருந்தாலே திறந்து ஸ்டார்ட் ஆகும் கீலெஸ் வண்டி என்றால் கண்ணாடியைக்கூட உடைக்க வேண்டாம். ஒருவன் வீட்டு வாசலில் நின்று உள்ளே இருக்கும் சாவியின் சிக்னலைப் பிடித்து அனுப்ப, வேன் பக்கத்தில் நிற்பவன் கதவைத் திறந்து ஓட்டிக்கொண்டு போகிறான். சிக்னலைத் தடுக்கும் பை கிடைக்கிறது. வாங்கியதும் சாவியை அதில் போட்டு, வேன் பக்கத்திலேயே நின்று கதவு திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் அந்தப் பை உதவாது. ஸ்பேர் சாவியையும் மறக்காமல் பையில் போடுங்கள்.

இதற்கெல்லாம் மேலே ஸ்டீயரிங்கில் ஒரு இரும்புப் பூட்டு மாட்டுங்கள். பளிச்சென்ற மஞ்சளோ சிவப்போ, தெருவில் நடந்துபோகிறவன் கண்ணில் படவேண்டும். அறுக்க முடியாத பூட்டு எதுவும் இல்லை. ஆனால் அறுக்க நேரம் ஆகும், சத்தம் வரும். அந்த இரண்டுக்கும்தான் திருடன் பயப்படுகிறான். பெட்ரோல் பம்ப் அல்லது டீசல் பம்ப்புக்குப் போகும் கரண்டைத் துண்டிக்கும் ரகசிய ஸ்விட்சும் நல்லதுதான். ஆனால் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் ஓடுகிற வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.

சரி, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது, உள்ளே இருப்பதைக் காணோம் என்றால்? என்னைக் கேட்டால் இதுதான் அதிகம் வயிறெரிய வைப்பது. ஸ்லைடிங் கதவின் மேல் விளிம்பில் விரலை விட்டு, கீழே முழங்காலை அழுத்தி, தகரத்தை வெளியே வளைத்துவிடுகிறார்கள். பூட்டு பூட்டியபடியே இருக்கும், கதவு மட்டும் மடிந்து தொங்கும். கம்பெனிப் பூட்டு நடுவில் ஓரிடத்தில் மட்டும் பிடிப்பதால் வரும் வினை இது. கொக்கி போன்ற நாக்குள்ள டெட்லாக்கைத் தனியாகப் பொருத்தினால் கதவைச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கும். ஒன்று மட்டும் போடுவதாக இருந்தால் மேல் பக்கமாகப் போடச் சொல்லுங்கள், வளைப்பது அங்கிருந்துதான். சாத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் ஸ்லாம்லாக், நாள் முழுக்க ஏறி இறங்கும் டெலிவரிக்காரர்களுக்கு ஏற்றது. சாவியை உள்ளே வைத்துச் சாத்திவிட்டால் நாமும் வெளியேதான் நிற்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிறுத்தும் விதத்துக்குக் காசு செலவே இல்லை. பின்கதவு சுவரை ஒட்டி இருக்கட்டும். விளக்குக் கம்பத்துக்குக் கீழே இடம் கிடைத்தால் அங்கேயே நிறுத்துங்கள். வேனில் தொழில் பெயரும் போன் நம்பரும் எழுதினால் உள்ளே டூல்ஸ் இருப்பது தெரிந்துவிடும் என்று சிலர் அழிக்கச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த எழுத்தைப் பார்த்துத்தான் வேலை வருகிறது, அப்புறம் பெயர் எழுதிய வண்டியை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

டிராக்கர் வையுங்கள், ஆனால் பூட்டுக்குப் பதிலாக வைக்காதீர்கள். அது போன வண்டியைத் தேட உதவுமே தவிர, போகவிடாமல் தடுக்காது. சிக்னலைக் குழப்பும் ஜாமர் கருவியைத் திருடன் வைத்தால் ஜிபிஎஸ் டிராக்கர் ஊமையாகிவிடும். ஆப்பிளின் ஏர்டேக் மாதிரியான குட்டி டிராக்கர், தெரியாத டிராக்கர் கூடவே வருகிறது என்று திருடனின் போனுக்கே எச்சரிக்கை அனுப்பக்கூடும். யாரும் பின்தொடரப்படக் கூடாது என்பதற்காக வைத்த வசதி அது. டிராக்கர் இடத்தைக் காட்டினாலும் தனியாகக் கிளம்பிப் போகாதீர்கள், போலீஸிடம் சொல்லுங்கள்.

ஒவ்வொரு மெஷினின் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்து வைப்பதைப் பலர் செய்வதில்லை. நம்பர் இல்லாமல் புகார் கொடுத்தால், பொருள் பிடிபட்டாலும் அது உங்களுடையது என்று நிரூபிப்பது கஷ்டம். இன்னொன்று, நம் ஆட்களிடமே சொல்ல வேண்டும். திருடிய டிரில்லை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நம் தொழிலில் இருப்பவர்கள்தான், வேறு யாருக்கு அது வேண்டும்? சார்ஜர் இல்லை, பெட்டி இல்லை, சீரியல் நம்பர் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள், விலை மட்டும் பாதிக்குப் பாதி என்றால் தயவுசெய்து அதை வாங்காதீர்கள்.