தலையை விட்டு வாலைப் பாருங்கள்

தலை முக்கோணமாக இருந்தால் விஷப்பாம்பு என்று பாம்புகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ராமநாதபுரம் கரையில் இந்தக் கணக்கு உதவாது. கருவேலங்காட்டில் திரியும் சுருட்டை விரியனுக்குச் சரி. கட்டுவிரியனுக்கே பொருந்தாது, கடல்பாம்புக்குச் சுத்தமாகப் பொருந்தாது. தொண்டி, மண்டபம் பக்கம் வலையில் ஏறும் வலைக்கடியன் என்ற கடல்பாம்புக்குத் தலை சின்னதுதான். வால்தான் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும். விலாங்கு என்று நினைத்துக் கை வைப்பவர்கள் செதில் தெரிகிறதா என்றாவது பார்க்கலாம்; தெரிந்தால் பாம்பு. கடித்த இடத்தில் பெரிதாக வலிக்காது, அதுதான் ஆபத்து. சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் வலியெடுக்கும், சிறுநீர் கறுத்துப் போகும்.

அப்புறம், இந்த வலைக்கடியன் இனம் பாரசீக வளைகுடாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை உண்டு. ஆஸ்திரேலியாவில் அச்சு அசலாக இதேபோல் இருப்பது வேறு இனம் என்று மரபணு ஆய்வில் தெரிந்தது. படத்தை வைத்து மட்டும் அது எந்தக் கடல் பாம்பு என்று சொல்ல முடியாது.

நம் ஆஸ்பத்திரிகளில் போடும் விஷமுறிவு ஊசி நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குத்தான். கடல்பாம்புக்கு அல்ல. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். மூச்சையும் சிறுநீரகத்தையும் அங்கேதான் காப்பாற்ற முடியும். இதை நீங்கள் எழுதாமல் விட்டது பெரிய குறை.