குறை சொல்பவரும் நம்ம ஆள்தான்

சிம் ரேசிங், அதாவது நிஜ கார் மாதிரியே ஓட்டும் பந்தய கேம்களுக்கான குழுக்களில் இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. ஒருவர் வந்து, "புது அப்டேட்டுக்கு அப்புறம் மான்ஸா டிராக்கில் முதல் சிகேன் (நெளிவளைவு) கர்ப் (ஓரக் கட்டை) மேல் ஏறினால் காரின் பின்பக்கம் சட்டென்று சுழன்றுவிடுகிறது, முன்பு இப்படி இல்லை" என்று எழுதுவார். காரை எப்படி அமைத்திருந்தார் என்ற செட்டப் ஃபைலையும், ஓட்டிய பதிவான ரீப்ளேயையும் கூடவே போட்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் பதில்கள் குவியும். "முதல்ல ஓட்டக் கத்துக்கோ." "உன் வீல் டப்பா." "பிடிக்கலைன்னா வேற கேமுக்குப் போ." அந்த ரீப்ளேயை ஒருவர்கூடத் திறந்து பார்த்திருக்க மாட்டார். அப்புறம் அவர் எழுதுவதை நிறுத்திவிடுவார். சில மாதம் கழித்து லீகிலும் ஆளைக் காண முடியாது.

இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. அந்த மனிதர் ஒரே வளைவை மறுபடி மறுபடி ஓட்டி, டயர் பிரஷரை மாற்றிப் பார்த்து, பழைய பதிப்போடு ஒப்பிட்டு, அதன் பிறகுதான் எழுதியிருக்கிறார். அந்த சிம் மீது பற்று இல்லாதவருக்கு இவ்வளவு பொறுமை வராது. பிடிக்காதவர் பேசாமல் அன்இன்ஸ்டால் செய்துவிட்டுப் போயிருப்பார்.

இந்த ஆவேசம் எங்கிருந்து வருகிறது என்பதும் புரிகிறது. இது செலவு பிடித்த பொழுதுபோக்கு. டைரக்ட் டிரைவ் வீல் (மோட்டாரில் நேரடியாகப் பொருத்திய ஸ்டியரிங்), லோட் செல் பெடல் (மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும் பெடல்), சீட் என்று வாங்கிக்கொண்டே போக வேண்டும். ஐரேசிங் மாதிரி சிம்மில் சந்தா தனி, பெரும்பாலான கார்களுக்கும் டிராக்குகளுக்கும் தனித்தனி விலை. இவ்வளவு காசையும் இரவுத் தூக்கத்தையும் போட்டவரிடம் "உங்க சிம்மில் டயர் சரியில்லை" என்றால், அவரையே குறை சொன்ன மாதிரி சுருக்கென்று படுகிறது. உடனே நிறுவனத்துக்கு வக்கீலாகிவிடுகிறார். அந்த நிறுவனம் அவரை வக்கீலாக வைத்துக்கொள்ளவே இல்லை.

இந்த வக்காலத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆர்ஃபேக்டர் 2 என்ற சிம்மின் கதை போதும். டயரின் நெளிவு ஸ்டியரிங் வழியே கைக்கு வந்து சேரும் அந்த உணர்வில் (இதுதான் ஃபோர்ஸ் ஃபீட்பேக்) அதற்கு நிகரான சிம்கள் குறைவு என்று நானும் சொல்வேன். ஆனால் ஆன்லைன் பகுதி பலவீனம், மெனு குழப்பம், பாதி வேலை முடிந்த கார்கள் என்று ஓட்டுபவர்கள் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். "ஃபோர்ஸ் ஃபீட்பேக்கைப் பாரு, வேற எதுல இது கிடைக்கும்" என்பதே எல்லாவற்றுக்கும் பதிலாக இருந்தது. 2023 ஜனவரியில், பிரான்சின் லே மான் பந்தயத்தின் ஆன்லைன் வடிவமான விர்ச்சுவல் லே மான் 24 மணி நேரப் பந்தயம் அதே சிம்மில் நடந்தது. சர்வர் கோளாறால் பந்தயத்தையே இடையில் நிறுத்தும்படி ஆனது. முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த ஃபார்முலா 1 உலக சாம்பியன் மாக்ஸ் வெர்ஸ்டப்பனின் இணைப்பு அறுந்துபோனது. இனி இந்த கேமே வேண்டாம், அழித்துவிடப் போகிறேன் என்று நேரலையிலேயே அவர் கொந்தளித்தார்.

சாதாரண ஆட்கள் பல வருடமாகச் சொன்னதைத்தான் உலக சாம்பியன் ஒரே இரவில் உலகுக்கே கேட்கும்படி சொன்னார். அவர் சொன்னதால் அது செய்தி. நம்மில் ஒருவர் சொன்னபோது அது ஓட்டத் தெரியாதவரின் புலம்பல்.

ஆர்ஃபேக்டர் 2-ஐக் கவனித்துவந்த அதே ஸ்டுடியோ 397 குழு 2024 பிப்ரவரியில் லே மான் அல்டிமேட் என்ற புது சிம்மை முன்னோட்டப் பதிப்பாக வெளியிட்டது. 24 மணி நேரப் பந்தயத்தின் பெயரைத் தாங்கிய கேமில், ஓட்டுநர் மாறும் வசதி முதல் நாளில் இல்லை! ஓட்டியவர்கள் விடாமல் கேட்டார்கள். குறைகளை ஒவ்வொன்றாகச் சுட்டினார்கள். வசதிகள் படிப்படியாகச் சேர்ந்து, 2025 ஜூலையில் முழுப் பதிப்பான 1.0 வந்தது. இன்று நிறையப் பேர் அதைத்தான் ஓட்டுகிறார்கள். முதல் நாளிலேயே "எல்லாம் சூப்பர்" என்று கைதட்டியிருந்தால் இது நடந்திருக்குமா?

கிரான் டூரிஸ்மோ 7 இன்னும் தெளிவான சாட்சி. 2022 மார்ச்சில் வந்த ஒரு அப்டேட்டில் பல பந்தயங்களில் கிடைக்கும் கேம் பணத்தை, அதாவது பரிசுத் தொகையைக் குறைத்தார்கள். கூடவே சர்வர் ஒரு நாளைக்கும் மேலாகப் படுத்துக்கொண்டது. எப்போதும் இணைப்பு இருந்தால்தான் ஓடும் கேம் என்பதால், காசு கொடுத்து வாங்கியவர் தனியாகக்கூடச் சரியாக விளையாட முடியவில்லை. அப்போதும் "பொறுமையா ஓட்டிச் சம்பாதி" என்று சொன்னவர்கள் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்காமல் கோபப்பட்டவர்களால்தான் அந்தத் தொடரை உருவாக்கிய கசுனோரி யமௌச்சி மன்னிப்புக் கேட்டார், 10 லட்சம் கிரெடிட் (கேம் பணம்) கொடுத்தார்கள், பரிசுத் தொகையும் பிறகு ஏறியது. வக்காலத்து வாங்கியவர்களின் கணக்கிலும் அந்த 10 லட்சம் சேர்ந்தது.

பிராஜெக்ட் கார்ஸ் பற்றி நினைத்தால் மனசு கனக்கிறது. ரசிகர்களே பணம் போட்டு வளர்த்த கேம் அது. 2020-ல் வந்த மூன்றாம் பாகத்தில் டயர் தேய்மானம் இல்லை, எரிபொருள் கணக்கு இல்லை, பிட் ஸ்டாப் இல்லை. சிம் என்று நம்பி வந்தவர்கள் கைவிடப்பட்டார்கள். 2022-ல் கேம் நிறுவனமான இஏ அந்தத் தொடரையே மூடிவிட்டது. இதில் கோபப்பட்டவர்களை "ஹேட்டர்" என்று ஒதுக்கியதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பணம் போட்டவர்களே அவர்கள்தானே.

கெட்ட வார்த்தையில் டெவலப்பரைத் திட்டுவதையும், குடும்பத்தை இழுப்பதையும் நான் விமர்சனத்தில் சேர்க்கவில்லை. அப்படிப்பட்டவரைக் குழுவிலிருந்து தூக்கினால் முதல் ஆளாக ஆதரிப்பேன். ஆனால் செட்டப்போடும் ரீப்ளேயோடும் வருபவரை அந்தக் கூட்டத்தோடு சேர்த்துத் தள்ளாதீர்கள்.

குழு நடத்தும் நண்பர்களிடம் ஒரு கோரிக்கை. குறை சொல்லும் பதிவுகளைப் பூட்டாதீர்கள். எந்தப் பதிப்பு, எந்த வீல், எந்த டிராக், எந்த வளைவு என்று கேட்டு, ரீப்ளே போடச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பேர் அதே காரை எடுத்து அதே கர்ப் மேல் ஏற்றிப் பார்க்கட்டும். கார் சுழன்றால் எல்லோர் ரீப்ளேயையும் சேர்த்து டெவலப்பருக்கு அனுப்புவோம். சுழலவில்லை என்றால், பிரேக்கை எங்கே விடணும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுப்போம்.