என்ன வேலை பார்த்தார், எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தார்?

தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செத்து, கைகால், பேச்சு என்று எல்லாம் செயலிழக்கவைப்பது மோட்டார் நியூரான் நோய். அந்தப் பெயரைக் கேட்டதும் எல்லாரும் முதலில் கேட்பது, "பரம்பரையா?" என்றுதான். பத்துப் பேரில் ஒருவர் குடும்பத்தில்தான் அப்படி இருக்கும். மிச்ச ஒன்பது பேருக்கு ஏன் வந்தது?

பசிபிக் கடலில் இருக்கும் குவாம் தீவைப் பாருங்கள். 1950களில் அந்தத் தீவின் பூர்வகுடிகளான சமோரோ மக்களிடம் இந்த நோய் மற்ற இடங்களைவிட ஐம்பது முதல் நூறு மடங்கு அதிகம். மரபணுதான் காரணம் என்று சொல்லி முடித்துவிட முடியவில்லை. பிலிப்பைன்ஸிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் வந்தது. தீவைவிட்டுப் போன சமோரோக்கள் சிலருக்கு, போய்ப் பல வருடம் கழித்து வந்தது.

சந்தேகம் சாப்பாட்டின் மேல் விழுந்தது. பனைபோல இருக்கும் சைகஸ் மரம், மலபாரில் ஈந்து என்பார்களே, அந்தக் குடும்பத்து மரத்தின் கொட்டை. விஷக் கொட்டைதான். நறுக்கி, நாள்கணக்கில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டி, காயவைத்து அரைத்தால் மாவு. அதில் பிஎம்ஏஏ என்ற நச்சு இருந்தது. 1987இல் பீட்டர் ஸ்பென்சர் என்ற ஆய்வாளரின் குழு அதைக் குரங்குகளுக்குக் கொடுத்தபோது கைகால் பலவீனமானது. கழுவிய மாவில் அவ்வளவு நச்சு ஏது என்று மற்றவர்கள் மறுத்தார்கள். 2002இல் தாவரவியலாளர் பால் காக்ஸும் நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸும், அந்தக் கொட்டையைத் தின்னும் பழந்தின்னி வௌவாலைத் தீவுக்காரர்கள் தேங்காய்ப்பாலில் சமைத்துச் சாப்பிட்டதைச் சுட்டிக்காட்டி, வௌவாலின் உடலில் சேர்ந்த நச்சு அப்படி வந்திருக்கலாம் என்றார்கள். அதற்கும் எதிர்ப்பு. இந்த வாதம் முடியுமுன்பே சாப்பாட்டு முறை மாறியது, நோயும் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. காரணத்தைக் கண்டுபிடிக்க எத்தனை பெரிய வாய்ப்பு கைநழுவிப் போனது!

நம் ஊர்க்கதை இன்னும் வேதனை. இளம் வயதிலேயே வந்து, காதும் கேட்காமல் போகும் ஒரு வகைக்கு மெட்ராஸ் பெயரே இருக்கிறது. 1970இல் இங்குள்ள மருத்துவர்கள் எழுதியது. பெரும்பாலானவர்களுக்குக் காரணம் இன்றும் தெரியாது.

என் பெரியப்பாவுக்கு வந்தது வழக்கமான வகை. முதலில் சட்டைப் பித்தான் போட முடியவில்லை. முன்கையில் தோலுக்கடியில் சதை துடித்துக்கொண்டே இருக்கும். வாழ்நாளெல்லாம் பருத்திக்கு மருந்தடித்தவர். அதனால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பூச்சிமருந்து, ஈயம், புகைபிடித்தல் எல்லாவற்றுக்கும் இந்த நோயோடு தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வுகள் பேசுகின்றன. அப்படியிருக்க, கடைசிவரை எந்த டாக்டரும் அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்கவில்லையே என்பதுதான் என் கோபம்.

அமெரிக்காவில் 2010 முதல் தேசியப் பதிவேடு வைத்து நோயாளிகளின் வேலை, பழக்கவழக்கம் எல்லாம் கேட்கிறார்கள். நம் அரசு மருத்துவமனை நரம்பியல் பிரிவுகளில் இதற்கு ஒரு படிவம் போதும். அதுவரை, உங்கள் வீட்டில் இந்த நோய் இருந்தால், அவர் பேச்சு குழறுவதற்குள் உட்கார்ந்து கேளுங்கள். இருந்த ஊர்கள், பார்த்த வேலை, அடித்த மருந்து, குடித்த தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள்.