பங்காளிக்குப் பெண்பால் என்ன?

ரெண்டு நாளாக யோசிக்கிறேன், அந்தச் சொல்லுக்குப் பெண்பால் கிடைக்கவில்லை.

பூர்வீகக் காட்டில் நான் பிறந்த அன்றைக்கே பங்காளி. எனக்குப் பங்கு உண்டா என்று ஒருநாளும் யாரிடமும் கேட்டதில்லை. அதே தாத்தாவுக்கு மகளாகப் பிறந்த அத்தைக்கு நகை போட்டார்கள், சீர் செய்தார்கள், அதோடு கணக்கு முடிந்தது என்றார்கள்.

சட்டமும் ஆடி அசைந்துதான் வந்தது. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். பூர்வீகச் சொத்தில் மகளும் பிறப்பாலேயே பங்குதாரர் என்று தமிழ்நாட்டில் சட்டமாக 1989 ஆனது. அதிலும் ஒரு கொக்கி: மார்ச் 25க்கு முன் கல்யாணமானவர்களுக்குக் கிடையாது. அத்தைக்கு 1985இல் கல்யாணம். 2005இல் மத்திய அரசின் திருத்தம் அந்தக் கொக்கியை எடுத்தது. அந்த மகளைப் பெற்றவர் அப்போது உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று அப்புறம் ஒரு இழுபறி. தேவையில்லை, இது பிறப்பால் வரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் முடித்துவைத்தது.

அத்தைக்கு இதெல்லாம் தெரியாது. எங்களுக்கே அடுத்த வருஷம் கடன் வாங்கப் போனபோதுதான் தெரிந்தது. "மகள் கையெழுத்து இல்லாம நடக்காதுங்க, ஒரு விடுதலைப் பத்திரம் போட்டுருங்க" என்றார் வக்கீல். தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அத்தை எழுதித் தரும் பத்திரம். அத்தையின் பிறப்புரிமை எங்கள் வீட்டுக்குள் முதன்முதலாக வந்தது, எங்கள் கடனுக்குத் தடங்கலாகத்தான்.

நான் சும்மா இருந்தாலே என் பங்கு எனக்கு வந்துவிடும். அத்தை வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்டால் பொறந்த வீட்டுப் படி ஏற முடியாது. இதற்குப் பெயர் உரிமையா? "பெரிய மனசு, விட்டுக்கொடுத்துட்டா" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்தப் பெரிய மனசை அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. என்னிடமும்தான்.

பதிவு அலுவலகத்தில் அத்தையின் ரேகை விழவில்லை. களை பறித்தே தேய்ந்த விரல். முந்தானையில் துடைத்துத் துடைத்து மூன்று தடவை வைத்தார். நடுவில் என்னைத் திரும்பிப் பார்த்து, "கெணத்தோரப் புளியமரமும் இதுல சேர்ந்துதானா?" என்றார்.

"ஆமாங்க அத்தை."

"சரி" என்று மறுபடி விரலை வைத்தார். அந்தத் தடவை விழுந்துவிட்டது.