போற தூரத்த மட்டும் கேக்காதீங்க

ஆளே இல்லாத பீச்ல உக்காந்த மாதிரி ஒரு போட்டோ போட்டா போதும், எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம் நடக்கணும்னு வரிசையா கேப்பாங்க. திரும்பி வர எவ்ளோ நேரம்னு இதுவரைக்கும் ஒருத்தர் கூட கேட்டதில்ல.

காட்டுக்குள்ள போய் கடைசில கடலுக்கு இறங்குறப்ப ஜாலியாத்தான் இருக்கும். அதே சரிவுல மதிய வெயில்ல, ஈர ஷூக்குள்ள மணல் அறுக்க, பாட்டில்ல ரெண்டு மடக்குத் தண்ணியோட ஏறிப் பாருங்க. காத்துல ஈரம் ஜாஸ்திங்கறதால வேர்வை ஊத்துமே தவிர காயாது, காஞ்சாத்தான உடம்பு சூடு இறங்கும்?

ஹவாயில கவாய் தீவுல கலலாவ் ட்ரெயில்னு ஒண்ணு, ஒரு பக்கம் மட்டும் 11 மைல், கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர். முதல் 2 மைல்லயே ஹனகாபியாய்னு ஒரு பீச் வந்துடும், அதுக்கு முன்னாடி ஒரு ஓடையத் தாண்டணும். மேல மலைல மழை கொட்டுனா இங்க வெயில் அடிச்சுட்டு இருக்கும்போதே ஓடைல தண்ணி ஏறிடும், அந்தப்பக்கம் போனவங்க அந்தப்பக்கமேதான். அந்த பீச்ல அலையத் தடுக்க பவளப்பாறையும் இல்ல, குளிர்காலத்துல மணலையே வாரிட்டுப் போயிடும். மூழ்கிச் செத்தவங்களக் கோடு கோடா கீறி எண்ணி வெச்ச எச்சரிக்கைப் பலகை அங்க ரொம்ப காலம் இருந்துச்சு.

கடல்லயும் இதே கதைதான், உள்ள போறது ஈஸி. நடந்து வேர்த்து விறுவிறுத்து வந்தவன் எங்க அலை கம்மியா இருக்குன்னு பாத்து அங்க இறங்குவான், ஆனா ரெண்டு பக்கமும் நுரை தள்ள நடுவுல மட்டும் அமைதியா தெரியுற இடம்தான் பல நேரம் ரிப் கரண்ட், ஆள உள்ள இழுத்துட்டுப் போறது அதுதான். அதுல மாட்டினா கரையப் பாத்து எதிர்நீச்சல் போடக்கூடாது, கரையோரமாவே பக்கவாட்டுல நீந்தி வெளிய வந்துட்டு அப்பறம் கரைக்குத் திரும்பணும். இத நடந்து நடந்து செத்த காலோட செய்யணும், கூப்பிட்டா வர லைஃப்கார்டும் கிடையாது. ஆளில்லாத பீச்தான வேணும்னு வந்தோம்!

இருட்டு வேற. நிலநடுக்கோட்டுப் பக்கம் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தா இறங்கறதால மறைஞ்சப்பறம் 20, 25 நிமிஷம்தான் வெளிச்சம், மரத்துக்கடில அதுவும் இல்ல. நானும் ஒருதடவ சன்செட் பாத்துட்டே கெளம்பலாம்னு உக்காந்துட்டு, அப்பறம் போன் டார்ச்ச வெச்சு ஒவ்வொரு வேரா தடவித் தடவி வந்து சேர்ந்தேன். (சன்செட் அட்டகாசமா இருந்துச்சு, அத மறைக்க மாட்டேன்.)

இப்பல்லாம் மதியம் ஒரு மணிக்கு அலாரம். அடிச்சா எந்திரிச்சு ஷூவ மாட்டிடுவேன், கூட வந்தவங்க எவ்ளோ திட்டினாலும்.