விரலில் 95 காட்டினால் போதுமா?

கடலூர் பக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "குழந்தைக்கு மூச்சிரைப்பா? ஆக்சிமீட்டரில் 95 காட்டினால் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம். மெஷின் யாருக்கும் பொய் சொல்லாது."

சொல்லும், அதுவும் நம்மைப் போன்ற நிறத்தவருக்குக் கூடுதலாக. சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலைக் கடந்து வருவதை வைத்துத்தான் அந்தக் கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடுகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் அந்த ஒளியில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். கருவியைச் சரிபார்த்ததோ பெரும்பாலும் வெளிர்நிறத் தோல்களில். 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதே ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையில் 88க்கும் கீழே இருந்த சம்பவங்கள் வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ 3 மடங்கு அதிகம். அது பெரியவர்களிடம் நடந்த ஆய்வு. ஆனால் குழந்தைகளிடமும் இதே கோளாறு பிறகு தெரியவந்தது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கையே விட்டது.

அப்புறம், பெரியவர் விரலுக்கான கிளிப் பிஞ்சு விரலில் ஒழுங்காக உட்காராது. விரல் சில்லிட்டிருந்தாலும், பிள்ளை கையை உதறினாலும் எண் தாறுமாறாகும்.

அதற்காகக் கருவியைத் தூக்கி எறிய வேண்டாம். எண் குறைந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள். எண் நன்றாக இருந்தாலும் குழந்தையின் சட்டையைக் கழற்றிப் பாருங்கள். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா? இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள கைக்குழந்தை நிமிடத்துக்கு 50 தடவைக்கு மேல் மூச்சு விடுகிறதா? பால் குடிக்க மறுக்கிறதா? உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.